சிஸ்டத்தில் இருக்கும் ஸ்டாக் குடோனிலும் இருக்க என்ன செய்யலாம்? பனியன் கம்பெனிகளுக்குச் சில வழிமுறைகள்

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு ஸ்டோர், பர்ச்சேஸ், ஜாப் ஒர்க் (வெளியே கொடுத்துச் செய்து வாங்கும் வேலை) கணக்குகளைக் கம்ப்யூட்டரில் ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் தொழில். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது ஏறக்குறைய ஒரே வாக்கியம்தான்: "சிஸ்டத்துல 400 கிலோ நேவி ப்ளூ இருக்குதுன்னு காட்டுதுங்க, குடோன்ல போய்ப் பார்த்தா கட்டிங்குக்கு ஆகற துணி இல்லீங்க." அடுத்து, சாஃப்ட்வேரை மாற்றிவிடலாமா என்று கேட்பார்கள். மாற்றிய கம்பெனிகளையும் பார்த்திருக்கிறேன். புது சாஃப்ட்வேரிலும் கொஞ்ச நாளில் அதே பேச்சு வந்துவிடும்.

கேட்டில் வண்டி நிற்கும்போது, எடை போடும்போது, டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) எழுதும்போது, வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டரை ஒருவர் பார்த்துப் பார்த்து டைப் அடிக்கும்போதுதான் தகவல் தப்பாகிறது. மாதக் கடைசியில் ஆபீஸில் உட்கார்ந்து அதைத் திருத்தினால் அந்த மாதக் கணக்கு நேராகும். அடுத்த மாதம் அதே தப்பு அதே இடத்தில் மறுபடி விழும். அதனால் நான் கீழே சொல்வது பெரும்பாலும் அந்த இடங்களைப் பற்றித்தான்.

ஒரு ஆர்டரைப் பின்னோக்கிப் பிடித்துப் போங்கள்

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்யக் கிளம்பாதீர்கள். போன மாதம் ஏற்றுமதியான ஒரே ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போன பீஸ் எத்தனை, கட்டிங்கில் வெட்டியது எத்தனை, அதற்குக் கொடுத்த துணி எத்தனை கிலோ, அந்தத் துணி காம்பாக்டிங்கிலிருந்து (துணியை அழுத்திச் சுருக்கத்தைச் சீராக்கும் வேலை) வந்தபோது எடை என்ன, சாயப்பட்டறைக்குப் போன கிரே துணி (சாயம் போடாத துணி) எவ்வளவு, நிட்டிங்குக்குப் போன நூல் எவ்வளவு, மில் பில்லில் என்ன இருக்கிறது என்று கடைசியிலிருந்து முதலுக்குப் போங்கள். ஒவ்வொரு இடத்திலும் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்: சிஸ்டத்தில் இருப்பது, டிசி அல்லது எடைச் சீட்டில் இருப்பது, அந்த வேலையைச் செய்தவர் வாயால் சொல்வது.

இப்படிப் போனால் சில இடங்களில் கண் தானாக நிற்கும். உதாரணத்துக்கு, சாயத்துக்கு 100 கிலோ கிரே துணி போயிருக்கும், திரும்பி வந்ததும் சரியாக 100 கிலோ என்று பதிவாகியிருக்கும். அடுத்த டிசியில் போனது 246.350, வந்ததும் 246.350. சாயம் போட்டு, துவைத்து, காயவைத்து, காம்பாக்டிங் செய்த துணி போன எடையிலேயே திரும்பி வராது. கிராம் வரைக்கும் ஒத்துப்போகிறது என்றால் வந்த துணியை யாரும் எடை போடவில்லை, போன டிசியைப் பார்த்து அப்படியே அடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அடித்தவரைத் திட்டிப் பயனில்லை. எடை மேடை எங்கே இருக்கிறது, வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, அப்போது அங்கே ஆள் யார் என்று பாருங்கள். நான் பார்த்த ஓர் இடத்தில் எடை மேடை குடோனின் பின்பக்கத்தில் இருந்தது, வண்டியோ முன்கேட்டில் இறக்கிவிட்டுப் போய்விடும். எடை மேடையை முன்கேட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சாயத்தில் குறையும் எடையின் கணக்கே உயிர் பெற்றது.

ரவுண்டு எண்களையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். எடை என்ற கட்டத்தில் வரிசையாக 50, 75, 100, 150 என்று வந்தால் அது மதிப்பீடு. தராசு அப்படிச் சொல்லாது.

ஐட்டம் மாஸ்டர்

ஒரே நூலை "30 எஸ் கோம்டு" என்று ஒருவர், "30 கோம்டு ஹோசரி" என்று இன்னொருவர், "காட்டன் 30" என்று மூன்றாமவர் புது ஐட்டமாகத் திறந்துவைத்திருப்பார்கள். மூன்றிலும் ஸ்டாக் இருக்கும், ஒன்றில் மைனஸ் காட்டும். பர்ச்சேஸில் இருப்பவர் முதல் பெயரில் மட்டும் தேடிவிட்டு, இருப்பு இல்லை என்று புதிதாக நூல் வாங்குவார்.

இதற்கு வழி, பெயரை யாரும் கையால் அடிக்காமல் பார்த்துக்கொள்வது. நூலுக்குக் கவுண்ட் (நூலின் பருமனைச் சொல்லும் எண்), கோம்டா கார்டடா (கூடுதலாகச் சீவிய நூலா, சாதா நூலா), கலவை, மில் எனத் தனித்தனிக் கட்டங்கள். துணிக்கு வகை, ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்), டயா (குழாய்த் துணியை மடித்து வைத்தால் வரும் அகலம்), ஷேடு (நிறச் சாயல்). கட்டங்களை நிரப்பினால் பெயரை சிஸ்டமே கோர்த்துக்கொள்ள வேண்டும். டேலி மாதிரி பெயரை மட்டும் கேட்கும் மென்பொருள் என்றால், எழுதும் வரிசையை ஒரு தாளில் அச்சடித்து மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள், புது ஐட்டம் திறக்கும் அனுமதியை ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். இரண்டாவது ஆளுக்கு லீவு நாள் மாற்றாக வேண்டுமானால் கொடுக்கலாம், மூன்றாவது ஆளுக்கு வேண்டாம்.

ஐட்டம் கோடுக்குள் எல்லா அர்த்தத்தையும் திணிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. முதல் இரண்டு எழுத்து பையர் (ஆர்டர் தரும் நிறுவனம்), அடுத்தது சீசன், அடுத்தது கலர் என்று. பையர் கலரை மாற்றியதும் கோடு பொய்யாகிவிடும், ஆனால் அந்தக் கோடு ஏற்கெனவே ஐம்பது டிசியில் இருக்கும். கோடு வெறும் எண்ணாக இருக்கட்டும். அர்த்தம் எல்லாம் கட்டங்களில் இருக்கட்டும். எழுத்து கலந்துதான் ஆக வேண்டும் என்றால் ஆங்கில 'ஓ', 'ஐ' இரண்டையும் தவிருங்கள். கையால் எழுதிய டிசியில் அவை 0, 1 ஆகத்தான் படிக்கப்படும்.

ஷேடு பெயரை மட்டும் வைத்துக்கொள்வதும் ஆபத்து. ஒரு பையரின் நேவி இன்னொரு பையரின் நேவி ஆகாது. பையர் பான்டோன் எண், அதாவது எல்லோருக்கும் பொதுவான நிற அடையாள எண் கொடுத்தால் (கிளாசிக் ப்ளூ என்பது 19-4052, இந்த மாதிரி) அந்த எண்ணையே ஷேடுக் கட்டத்தின் அடையாளமாக வையுங்கள். பெயர் பக்கத்தில் துணைக்கு இருக்கட்டும்.

கட்டாயக் கட்டங்களைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு: எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எல்லாக் கட்டத்தையும் கட்டாயமாக்கினால் தகவல் நிறைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஒரு புள்ளியும் 9999999999 என்ற போன் நம்பரும்தான் நிறையும். ஒரு கட்டத்தைப் பார்த்து யாராவது, என்றைக்காவது ஒரு முடிவு எடுக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தக் கட்டத்தையே எடுத்துவிடுங்கள். அப்புறம், கீழே இறங்கும் பட்டியலில் 'இதர வகை' முதலில் இருந்தால் கைக்கு வசதியாக எல்லோரும் அதையே தேர்வு செய்வார்கள். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள்.

கிலோ, மீட்டர், ரோல், மூட்டை

அளவு அலகுதான் பெரிய சேதத்தைச் செய்கிறது. 2013-இல் கனடாவில் கடை திறந்த அமெரிக்க நிறுவனம் டார்கெட், 2015-இல் அங்கிருந்த 133 கடைகளையும் மூடிவிட்டு வெளியேறியது. காரணங்கள் பல. அதில் ஒன்று, பொருள்களின் விவரங்களைப் புது சிஸ்டத்தில் அவசரமாக ஏற்றியபோது சென்டிமீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் அங்குலமும், நீளம் இருக்க வேண்டிய இடத்தில் அகலமும் விழுந்தது. கடை அலமாரி காலியாகக் கிடக்க, குடோன் நிரம்பி வழிந்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி.

நம் ஊரில் இது மூட்டையில் தொடங்குகிறது. ஒரு மில்லின் மூட்டை 50 கிலோ, இன்னொரு மில்லின் மூட்டை 60 கிலோ. "10 மூட்டை" என்று இன்வர்டில் (சரக்கு வரவுப் பதிவில்) எழுதினால் 100 கிலோ வித்தியாசம் எங்கேயோ ஒளிந்துகொள்கிறது. நூலுக்கும் துணிக்கும் அடிப்படை அலகு கிலோ மட்டுமே என்று வைத்துவிடுங்கள். மூட்டை, கோன், ரோல் எல்லாம் எண்ணிக்கைக்கான பக்கத்துக் கட்டங்கள். ஸ்டாக் அவற்றில் ஓடக்கூடாது.

மீட்டர் வேண்டுமென்றால் கணக்குப் போட்டு எடுங்கள். 180 ஜிஎஸ்எம், 30 இன்ச் டயா ட்யூப் துணி என்று வைத்துக்கொள்வோம். விரித்தால் 60 இன்ச், அதாவது 1.524 மீட்டர் அகலம். ஒரு மீட்டர் நீளத் துணி 180 × 1.524, சுமார் 274 கிராம். 100 கிலோவுக்கு சுமார் 365 மீட்டர். ஆனால் காம்பாக்டிங் முடிந்து அதே துணி 190 ஜிஎஸ்எம்மில் வந்திருந்தால் 100 கிலோவுக்கு சுமார் 345 மீட்டர்தான். எடை ஒன்றே, கட்டிங்கில் பீஸ் குறையும். "துணி திருட்டுப் போச்சு" என்று ஒரு கம்பெனியில் எழுந்த பெரிய சண்டை கடைசியில் இந்த 10 ஜிஎஸ்எம்மில் வந்து நின்றது. அதனால் ஆர்டரில் கேட்ட ஜிஎஸ்எம் ஒரு கட்டம், வந்த லாட்டில் (ஒரே தடவையில் சாயம் போட்ட துணித் தொகுதி) வெட்டி எடை பார்த்த ஜிஎஸ்எம் இன்னொரு கட்டம். இரண்டையும் ஒன்றாக்காதீர்கள்.

லாட் இல்லாத ஸ்டாக்

இனி அந்த 400 கிலோ நேவிக்கு வருவோம். அப்படிச் சொன்ன ஒரு கம்பெனியில் எண் தப்பில்லை. தேடி எடுத்துத் தராசில் வைத்தபோது 400 கிலோவுக்கு நெருக்கமாகவே இருந்தது. ஆனால் அது ஏழு சாய லாட்டுகளின் மிச்சம். ஒரு லாட்டின் நேவியும் அடுத்த லாட்டின் நேவியும் கொஞ்சம் வேறுபடும். உடம்பு ஒரு லாட்டிலும் கை இன்னொரு லாட்டிலும் வெட்டினால் வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது தெரிந்துவிடும், பையர் ஆள் செக்கிங்கில் ஒதுக்கிவிடுவார். ஆகவே 400 கிலோ இருந்தும் ஒரு ஆர்டருக்கு ஆகாது.

துணியை லாட் எண் இல்லாமல் உள்ளே எடுக்கவே கூடாது என்று சொல்வது இதனால்தான். சாயப்பட்டறை டிசியில் லாட் எண் இல்லையென்றால் இறக்குவதற்கு முன்பே போன் போட்டுக் கேளுங்கள். இறக்கிய பிறகு அந்த எண் கிடைக்காது. ஒவ்வொரு ரோலிலும் லாட் எண், எடை, டயா எழுதிய சீட்டு இருக்க வேண்டும். ரோலில் பாதி கட்டிங்குக்குப் போய் மிச்சம் திரும்பினால், சீட்டைக் கிழித்துவிட்டுப் புது எடையோடு புதுச் சீட்டு. நடைமுறையில் அதிகம் வழுக்கும் இடம் இந்தப் பாதி ரோல்தான். கட்டிங் மாஸ்டரிடம் வெற்றுச் சீட்டுகளும் மார்க்கர் பேனாவும் கையெட்டும் தூரத்தில் இல்லையென்றால் யாரும் எழுதமாட்டார்கள். நூலுக்கும் அப்படித்தான், இரண்டு லாட் நூல் ஒரே மெஷினில் கலந்து ஏறினால் சாயம் போட்ட பின் துணியில் வரி வரியாகத் தெரியும்.

பார்ட்டி பட்டியல்

ஒரே சாயப்பட்டறை நான்கு பெயரில் இருக்கும். முன்னால் 'ஸ்ரீ' சேர்த்து ஒன்று, சேர்க்காமல் ஒன்று, 'டையிங்' ஒன்று, 'டையர்ஸ்' ஒன்று. பெயரை வைத்து இதைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், ஜிஎஸ்டி எண்ணை வைத்துத் தேடுங்கள். 15 இடங்கள் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, நமக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். கடைசி இடம் சரிபார்ப்பு எழுத்து. ஓர் இடத்தைத் தப்பாக அடித்தால் அது காட்டிக்கொடுக்கும். பான் எண்ணை மட்டும் தனியாகப் பிரித்து வரிசைப்படுத்தினால் இரட்டைகள் அடுத்தடுத்து வந்து நிற்கும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு இணைக்க வேண்டாம். ஒரே பான் எண்ணுக்குத் தமிழ்நாட்டில் ஒரு ஜிஎஸ்டி எண்ணும் கேரளத்தில் 32-இல் தொடங்கும் இன்னொன்றும் இருக்கலாம். முதலாளி ஒருவர்தான், சரக்கு வரும் இடம் வேறு, வரிக் கணக்கும் வேறு.

காஜா பட்டன் அடிப்பவர்கள், பிசிர் வெட்டும் அக்காமார் போன்ற சிறு ஜாப் ஒர்க்காரர்களுக்கு ஜிஎஸ்டி எண்ணே இருக்காது. அவர்களுக்கு மொபைல் எண்ணை அடையாளமாக வையுங்கள். அந்த எண்ணுக்கு ஒரு தடவை அடித்து, "அக்கா, இது உங்க நம்பர்தானுங்களா" என்று கேட்டுவிட்டுப் பதியுங்கள்.

உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான அரசுப் பதிவு) விவரத்தையும் இங்கேயே வாங்கி வையுங்கள். 2023-24 நிதியாண்டு முதல், குறு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் சேவை தருபவர்களுக்கும் கெடுவுக்குள் (ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாள்) பணம் கொடுக்காவிட்டால், கொடுக்கும் ஆண்டில்தான் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். மார்ச் மாதம் ஆடிட்டர் கேட்டபின் ஓடித் திரிவதை விட, பார்ட்டியைச் சேர்க்கும் நாளிலேயே கேட்பது சுலபம்.

எக்செல் செய்யும் சேதம்

குழந்தைகள் உடுப்பு செய்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். சைஸ் "3-4" என்று எக்செலில் அடித்தால் அது ஏப்ரல் 3 ஆகிவிடும். "9-10" அக்டோபர் 9. "13-14" மட்டும் அப்படியே நிற்கும், ஏனென்றால் பதினான்காம் மாதம் இல்லை. பாதி சைஸ் தேதியாகவும் பாதி சைஸ் சைஸாகவும் இருக்கும் அந்தத் தாளை சிஸ்டத்தில் ஏற்றினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அடிப்பதற்கு முன்பே அந்த நெடுவரிசையை 'டெக்ஸ்ட்' ஆக மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் 3-4 திரும்பி வராது, ஏதோ ஐந்து இலக்க எண் வந்து நிற்கும்.

நீளமான எண்களுக்கும் இதே மருந்து. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் நினைவில் வைக்கும். பெட்டிக்கு ஒட்டும் 18 இலக்க எண்ணை அடித்தால் கடைசி மூன்றும் பூஜ்ஜியமாகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்களும் காணாமல் போகும்.

பையர் தரும் 13 இலக்க பார்கோடில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் 12 இலக்கங்களில் ஒற்றை இடத்தில் இருப்பவற்றைக் கூட்டுங்கள், இரட்டை இடத்தில் இருப்பவற்றைக் கூட்டி 3-ஆல் பெருக்குங்கள், இரண்டையும் சேர்த்து அடுத்த பத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். அதுதான் கடைசி இலக்கம். எக்செலில் ஒரு சூத்திரமாகப் போட்டுவைத்தால் டேக் அச்சடிக்கக் கொடுக்கும் முன்பே தப்பு தெரிந்துவிடும். பெட்டி கட்டி முடித்த பின் தெரிந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

தேதி விஷயத்தில் இரண்டே சொல்கிறேன். அமெரிக்க பையரின் 03/04 மார்ச் 4, நம் 03/04 ஏப்ரல் 3. மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். இன்னொன்று, மில்காரர் முதலில் சொன்ன தேதியை அழித்துவிட்டு அவர் தள்ளிச் சொன்ன தேதியை அதே கட்டத்தில் எழுதாதீர்கள். முதலில் சொன்னது, மாற்றிச் சொன்னது, சரக்கு கேட்டுக்குள் வந்தது என மூன்றும் மூன்று கட்டம். அழித்து எழுதும் கம்பெனிகளில் எல்லா சப்ளையரும் சொன்ன நாளில் கொடுத்ததாகவே ரிப்போர்ட் வரும்.

தினமும் காலையில் பார்க்க வேண்டியவை

மைனஸ் ஸ்டாக் பட்டியலைத் தினமும் எடுங்கள். மைனஸ் என்றால் வரவு பதிவாகும் முன்பே செலவு பதிவாகிவிட்டது, அல்லது வேறு ஐட்டத்தில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுமே அன்றைக்கே கண்டுபிடிக்கக் கூடியவை. ஆனால் மைனஸ் வராமல் சிஸ்டத்தைப் பூட்டிவிடலாம் என்று முதல் மாதமே கிளம்பாதீர்கள். கட்டிங் டேபிளில் துணி விரித்திருக்கும், சிஸ்டம் இருப்பு இல்லை என்று மறுக்கும், வேலை நிற்கக் கூடாதே என்று ஒருவர் பொய்யாக ஒரு வரவைப் போடுவார். மைனஸ் கண்ணுக்குத் தெரியும், பொய் வரவு தெரியாது. வரவுப் பதிவு அன்றன்றைக்கு நடக்கும் பழக்கம் வந்தபின் பூட்டுங்கள்.

திரும்பி வராத டிசிகளை நாள் வாரியாக எடுங்கள். ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய சரக்கு ஓர் ஆண்டுக்குள் திரும்பாமலும், அங்கிருந்தே நேராக விற்கப்படாமலும் இருந்தால், அனுப்பிய நாளிலேயே விற்றுவிட்டதாக ஜிஎஸ்டி சட்டம் எடுத்துக்கொள்ளும். பாதித் துணி வந்து பாதி வராமல் தொங்கும் டிசிதான் பெரும்பாலும் மாட்டும். மிச்சம் கழிவா, அங்கேயே இருக்கிறதா என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது பேசி முடித்து எழுதி வாங்குங்கள்.

எண்ணிப் பார்ப்பது

சிஸ்டமும் குடோனும் ஒத்துப்போகாதது திருப்பூருக்கு மட்டும் உள்ள வியாதி இல்லை. நிக்கோல் டிஹொரேஷியஸ், ஆனந்த் ராமன் இருவரும் ஒரு பெரிய சில்லறை நிறுவனத்தின் 37 கடைகளில் ஏறக்குறைய 3,70,000 ஸ்டாக் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான அந்த ஆய்வில், 65 சதவீதப் பதிவுகள் உண்மை இருப்போடு ஒத்துப்போகவில்லை.

மார்ச் 31-க்கு மட்டும் எண்ணினால் போதாது. அதற்குள் தப்பு நடந்த நாள் யாருக்கும் நினைவிருக்காது. விலை கூடிய, அதிகம் புழங்கும் நூலையும் துணியையும் வாரம் ஒரு தடவை, லேபிள், ஜிப் போன்ற சாமான்களை மாதம் ஒரு தடவை, மற்றதை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எண்ணுங்கள். எண்ணும் தாளில் சிஸ்டம் இருப்பை அச்சடிக்காதீர்கள். எண் கண் முன்னே இருந்தால் கை அதையே எழுதும். அந்த ரேக்கைப் பார்த்துக்கொள்பவர் அல்லாமல் இன்னொருவர் எண்ணட்டும், ரேக்கைப் பார்ப்பவர் பக்கத்தில் நிற்கட்டும். எண்ணத் தொடங்கும் முன், அந்த நிமிடம் வரை வந்த டிசி எல்லாம் பதிவாகிவிட்டதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இல்லாத வித்தியாசத்தைத் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

வித்தியாசம் வந்தால் உடனே ஸ்டாக்கைச் சரிக்கட்டிவிடுவதுதான் எல்லோருக்கும் வரும் ஆசை. முதலில் காரணத்தை எழுதுங்கள்: எடை போடவில்லை, லாட் மாறியது, பாதி ரோல் திரும்பியது பதிவாகவில்லை, அலகு மாறியது என்று நான்கைந்து காரணம் போதும். எந்தக் காரணம் திரும்பத் திரும்ப வருகிறதோ அந்த இடத்துக்கு நடந்து போய், அங்கே வேலை செய்பவரிடம் என்ன தடை என்று கேளுங்கள். ஸ்டோரில் இருக்கும் அண்ணனுக்கு அவர் பதிந்தது எங்கே போய் என்ன ஆகிறது என்று ஒரு தடவை கட்டிங் டேபிள் வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். அவருடைய சம்பளத்தில் பிடிப்பதை விட அது நன்றாக வேலை செய்கிறது. வித்தியாசத்துக்கு அபராதம் போடும் கம்பெனிகளில் வித்தியாசமே வராது, எல்லாத் தாளிலும் சிஸ்டம் இருப்பே எழுதப்பட்டிருக்கும்.

சாஃப்ட்வேரை மாற்றியே ஆக வேண்டும் என்றால்

பழைய ஐட்டம் மாஸ்டரை அப்படியே புதியதில் கொட்டாதீர்கள். கடந்த இரண்டு ஆண்டில் ஒரு தடவையாவது அசைந்த ஐட்டங்களையும், இப்போது இருப்பு உள்ளவற்றையும் மட்டும் எடுங்கள். பட்டியல் பெரும்பாலும் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். ஆரம்ப இருப்பை பழைய சிஸ்டத்திலிருந்து எடுக்காமல் எண்ணி ஏற்றுங்கள், லாட் வாரியாக. பழைய கோடு எது, புதுக் கோடு எது என்ற ஜோடிப் பட்டியலை ஒரு தனித் தாளில் வைத்திருங்கள்; பழைய டிசியோடு ஜாப் ஒர்க்காரர் வந்து நிற்கும்போது அது இல்லாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது. மாறும் நாளை ஞாயிற்றுக்கிழமையாகவும், பெரிய ஷிப்மென்ட் இல்லாத வாரமாகவும் பார்த்துக்கொள்ளுங்கள். முந்தின வாரத்திலேயே வெளியே கிடக்கும் டிசிகளை எவ்வளவு முடியுமோ அவ்வளவு முடித்துவிடுங்கள், ஏனென்றால் புது சிஸ்டத்தில் கையால் ஏற்ற வேண்டியவை அவைதான், அதிகம் தப்பாவதும் அவைதான்.